பாட்டிக்குப் பின்னால் நின்ற ஜெட்

எங்கள் வீட்டுப் பழைய படத்தில் பாட்டிக்குப் பின்னால் இருப்பது ஆஸ்திரேலியாவில் கட்டிய ஏவன் சேபர் என்ற சண்டை விமானம். அது மலேசிய விமானப்படையின் கைக்கு வந்த பிறகு எடுத்த படம். அதனால் 1969க்கு முன்னால் எடுத்திருக்க முடியாது. இந்த மூன்று வரிக்கு வந்து சேரப் பல வார இறுதிகள் போயின. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் வீட்டு ஆல்பத்தில் இப்படி ஒரு விமானப் படம் இருந்தால் உதவும். பட்டர்வொர்த் விமானத் தளம் நமக்கு அவ்வளவு பக்கம். தளத்துக்குள் சமையல், தோட்ட வேலை, துப்புரவு என்று வேலை பார்த்த நம் ஆட்களும் உண்டு. எங்கள் தாத்தாவின் அண்ணன் அங்கே புல் வெட்டும் வேலையில் இருந்தார். படம் எடுக்க உள்ளே போனது அவர் மூலமாகத்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

படத்தில் தாத்தா, பாட்டி, பாட்டி கையில் ஒரு கைக்குழந்தை, பின்னால் ஜெட். அந்தக் குழந்தை யார் என்பதில்தான் சண்டை. பெரியம்மா பிறந்தது 1961ல், அம்மா பிறந்தது 1970ல். இரண்டு பேர்தான் பிள்ளைகள். இரண்டு பேரும் "அது நான்தான்" என்பார்கள். பெரியம்மா சொல்லும் காரணம் வலுவானது: "அது உங்கம்மாவா இருந்தா, பத்து வயசுப் பிள்ளை நான் பக்கத்துல நின்னிருக்க மாட்டேனா?" அம்மாவின் பதில்: "நீ அப்ப பீடோர்ல ஆத்தா வீட்டுல இருந்திருப்ப." முகத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. அச்சில் குழந்தையின் முகம் கடுகளவுதான். பாட்டியும் தாத்தாவும் இப்போது இல்லை. மிச்சம் இருக்கும் சாட்சி விமானம் ஒன்றுதான். அது எந்த ரகம், யாருடையது என்று தெரிந்தால் ஆண்டு தெரிந்துவிடும் என்று நினைத்து வேலையை எடுத்தேன்.

முதல் வேலை படத்தை ஆல்பத்திலிருந்து எடுப்பது. எண்பதுகளில் எல்லா வீட்டிலும் இருந்த ஒட்டும் பக்க ஆல்பம் அது. பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, படத்தை வைத்து, திரும்ப மூடினால் ஒட்டிக்கொள்ளும். நாற்பது வருடத்தில் அந்தப் பசை மஞ்சளாகி இறுகிவிட்டது. பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் போனில் எடுத்துப் பார்த்தேன். கூரை விளக்கு அப்படியே பிரதிபலித்தது. விமானத்தின் வயிற்றுப் பகுதி முழுக்க வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தது. அதனால் எடுத்தே ஆகவேண்டும்.

கத்தி, ஸ்கேல் எதுவும் வேண்டாம். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூல் போதும். மெழுகு தடவாததாகப் பார்த்து வாங்க வேண்டும். மருந்துக் கடையில் 6.90 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு கை நீளம் எடுத்து, படத்தின் ஒரு மூலைக்கு அடியில் செருகி, ரம்பம் இழுப்பது போல் மெதுவாக இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டு போனேன். நூல் ஆல்பப் பக்கத்தை ஒட்டியே போக வேண்டும், படத்தை மேலே வளைக்கக் கூடாது. வளைத்தால் மேல்பூச்சு வெடிக்கும். நடுவில் ஓர் இடத்தில் பசை அசையவில்லை. அங்கே மட்டும் பக்கத்துக் காகிதத்தையும் சேர்த்து உரித்து எடுத்துவிட்டேன். படத்தின் முதுகில் கொஞ்சம் அட்டை ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றும் குறைந்துபோகாது. முதுகில் ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன், எதுவும் இல்லை.

கூலிமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு என்னுடையது. அதனால் நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோல் வீட்டிலேயே உண்டு. வெள்ளை ஓரத்தை விட்டு அளந்தால் படம் 115 மி.மீ அகலம், 78 மி.மீ உயரம். கறுப்பு வெள்ளை. தாளின் மேற்பரப்பு வழுவழுப்பாக இல்லை, பட்டுத்துணி மாதிரி பொடிப்பொடி மேடுகள் இருந்தன. அந்த மேடுகள்தான் அடுத்த தலைவலி.

மாமா மகனிடம் பழைய ஸ்கேனர் இருந்தது, இரவல் வாங்கினேன். 1200 டி.பி.ஐ, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி வைத்தேன். அதற்கு மேல் வைத்தால் கோப்புதான் பெருக்கும், அச்சுத் தாளில் அவ்வளவு விவரம் கிடையாது. ஸ்கேன் செய்த படத்தைப் பெரிதாக்கினால் எங்கே பார்த்தாலும் புள்ளிப் புள்ளியாக நிழல். ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து வருவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் மறுபக்கம் நிழல் விழுகிறது. இதற்கு நல்ல வழி, படத்தை ஒரு தடவை நேராகவும், ஒரு தடவை 180 டிகிரி திருப்பியும் ஸ்கேன் செய்வது. இரண்டாவதைக் கணினியில் திரும்ப நேராக்கி, முதலாவதன் மேல் போட்டு, ஒளிபுகும் அளவை ஐம்பது சதவீதமாக வைத்தால், ஒன்றின் நிழலும் மற்றதன் வெளிச்சமும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தத்தான் நேரம் பிடித்தது. தாத்தாவின் சட்டைப் பொத்தானையும் விமானச் சக்கரத்தின் நடுவையும் குறிப்பாக வைத்துக்கொண்டேன். முடிந்ததும் படம் துடைத்துவிட்டது போல் தெளிந்தது. விமான உடம்பில் தகடுகள் சேரும் கோடுகள்கூடத் தெரிந்தன.

சரி, என்னதான் தெரிகிறது? விமானத்தின் மூக்கு படத்தின் இடது ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. காற்று உள்ளே போகும் வாய் அங்கே இருந்ததா என்று பார்க்க வழியில்லை. விமானியின் கண்ணாடிக் கூடு தெரிகிறது. ஒரே ஆள் உட்காரும் அகலம். இறக்கை கேமராவை நோக்கி நீண்டு வருகிறது. பின்னால் வால் செங்குத்தாக நிற்கிறது. அதன் அடியில், உடம்போடு ஒட்டி, சின்ன இறக்கை மாதிரி கிடைவால். மூன்று சக்கரம். உடம்பு பூச்சு இல்லாத உலோகம் போல வெயிலில் மின்னுகிறது. வாலின் மேல்பாதி வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. எழுத்து, எண் இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருக்கும். பக்கவாட்டில் நாட்டுச் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தாவின் தோள்.

படத்தின் நகல் ஒன்றை அடித்து எடுத்துக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போனேன். தோட்டத்து லோரி ஓட்டிய ஐயா ஒருவர் பார்த்த உடனே "தெபுவான், தம்பி" என்றார். பக்கத்தில் இருந்தவர் "மிராஜ்" என்று சாதித்தார். இரண்டு பேரும் சொன்னது உண்மையான ஞாபகம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நேரத்தில் தலைக்கு மேல் மிராஜ் போகும் சத்தத்தை அந்தத் தலைமுறை மறக்காது. ஆஸ்திரேலிய மிராஜ்கள் 1967லிருந்து பட்டர்வொர்த்தில் இருந்தன. தெபுவான், கனடாவில் கட்டி 1967, 1968ல் மலேசியாவுக்கு வந்த விமானம். வானத்தில் பார்த்தது சரி, ஆனால் இந்தப் படத்தில் இருப்பது அவை இல்லை. மிராஜுக்கு முக்கோண இறக்கை, தனியாகக் கிடைவால் கிடையவே கிடையாது. இங்கே கிடைவால் தெளிவாக இருக்கிறது. தெபுவானில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள், அதனால் தலைப்பகுதி அகலம். அதன் கிடைவால் செங்குத்து வாலின் உச்சியில் இருக்கும்.

இப்படியே கழித்துக்கொண்டு வந்தேன். இந்தப் பக்கம் பறந்த பழைய ஜெட்டுகள் அதிகம் இல்லை என்பதால் இது சீக்கிரம் முடிந்தது. வாம்பயர், வெனம் இரண்டுக்கும் வால் இரட்டைக் கம்பில் நிற்கும். மீட்டியருக்கும் கான்பெராவுக்கும் இறக்கைக்கு ஒரு எஞ்சின். ஜாவலின் பெரிய முக்கோணம், அதற்கும் கிடைவால் உச்சியில். ஹண்டருக்கு இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் காற்று வாய் இருக்கும், நம் படத்தில் அந்த இடம் மூடி இருக்கிறது. மிக்-15, மிக்-17 ரகங்களுக்குக் கிடைவால் செங்குத்து வாலின் நடு உயரத்தில் ஏறி நிற்கும். அதையும் அடித்தேன். மிஞ்சியது அமெரிக்க வடிவமைப்பான சேபர் குடும்பம்: எஃப்-86 சேபர், அதன் ஆஸ்திரேலியப் பதிப்பு, அப்புறம் அடுத்த தலைமுறையான எஃப்-100 சூப்பர் சேபர்.

சேபருக்கும் சூப்பர் சேபருக்கும் புத்தக வித்தியாசம் இறக்கையின் பின்சாய்வு. ஒன்று 35 டிகிரி, மற்றது 45. கோணமானியை எடுத்து அளந்துவிட்டால் முடிந்தது என்று உட்கார்ந்தேன். அளக்க எதுவும் இல்லை. படத்தில் இறக்கை ஒரு தடித்த கோடு மட்டும். கேமரா கிட்டத்தட்ட இறக்கையின் உயரத்திலேயே இருந்திருக்கிறது. தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் அது வட்டமா சதுரமா என்று தெரியாது, அதே கதை. கோணம் தெரியாது, ஆனால் இறக்கை நுனி விமான உடம்பின் எந்த இடத்துக்கு நேராக வந்து நிற்கிறது என்பது தெரியும். பின்சாய்வு கூடினால் நுனி வாலை நோக்கித் தள்ளிப் போகும். அதைச் சோதிக்க ஒரு மாதிரி விமானம் வேண்டும்.

பிளாஸ்டிக் கிட் வாங்கலாமா என்று பார்த்தேன். விலையும் அஞ்சல் செலவும் சேர்த்தால் கட்டுப்படியாகாது. பிஸ்கட் டின் வந்த அட்டைப் பெட்டியை வெட்டினேன். அளவு 1:72. சேபரின் நீளம் 11.4 மீட்டர், இறக்கை அகலம் 11.3 மீட்டர். அட்டையில் அது 15.8 செ.மீ, 15.7 செ.மீ. சூப்பர் சேபர் இறக்கையில் அதிக வித்தியாசம் இல்லை, 11.8 மீட்டர்தான். நீளம் மட்டும் சுமார் 15.2 மீட்டர். அட்டையில் 21 செ.மீ. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதே வித்தியாசம் கண்ணைக் குத்தியது.

உடம்பைப் பக்கவாட்டு வடிவத்தில் ஒன்று வெட்டி, குறுக்கே வட்ட வில்லைகள் செருகி, மேலே மெல்லிய தாளைச் சுற்றினேன். இறக்கையை வரையும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 35 டிகிரி என்று சொல்வது இறக்கையின் முன்விளிம்பில் அளந்தது அல்ல. முன்விளிம்பிலிருந்து அகலத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளி ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் சாய்வைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இறக்கை நுனிக்குப் போகப் போகக் குறுகுவதால் முன்விளிம்பு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். முதலில் வெட்டிய இறக்கையை இதனால் தூக்கிப்போட்டு வேறு வெட்டினேன். சேபரின் இறக்கை நுனி உடம்பைவிட லேசாக மேலே தூக்கி இருக்கும், கிடைவாலும் அப்படியே. அடியில் அட்டைத் துண்டு ஒட்டி அந்தத் தூக்கலைக் கொண்டுவந்தேன்.

அடுத்தது கேமரா எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது. இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. சமதரையில் எடுத்த படத்தில் அடிவானக் கோடு கேமராவின் உயரத்தில்தான் ஓடும். அந்தக் கோடு படத்தில் நிற்கும் ஆள் எவர் மேலும் எந்த இடத்தில் வெட்டுகிறதோ, அதுதான் கேமரா இருந்த உயரம். ஆள் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் இது மாறாது. ஓடுபாதைக்கு அப்பால் தெரியும் தரை முடியும் கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டினேன். தாத்தாவின் நெஞ்சில் வெட்டியது. தாத்தா குள்ளம், சுமார் 1.65 மீட்டர். கணக்குப் பார்த்தால் கேமரா 1.2 மீட்டரில் இருந்திருக்கிறது. கண்ணில் வைத்து எடுக்கும் கேமராவுக்கு அது தணிவு. மேலிருந்து குனிந்து பார்த்து வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பிடிக்கும் பழைய பெட்டிக் கேமராவுக்குச் சரியான உயரம்.

1.2 மீட்டரை 72ஆல் வகுத்தால் 1.7 செ.மீ. போனின் கேமராக் கண் மேசையிலிருந்து அந்த உயரத்தில் இருக்க வேண்டும். போனை நிமிர்த்தி வைத்தால் கண் மேலே போய்விடும். தலைகீழாக நிறுத்தினேன். என் பழைய போனில் கண்ணின் மையம் விளிம்பிலிருந்து 14 மி.மீ. அடியில் 3 மி.மீ அட்டை ஒன்று வைத்ததும் சரியாக வந்தது. இரண்டு பக்கமும் செங்கல் வைத்துப் போனை நிறுத்தி, மாதிரியை வெள்ளைத் தாள் மேல் வைத்து, கேமராவிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திருப்பம் என்று பென்சிலில் குறித்துக்கொண்டே எடுத்தேன். பக்கத்துச் சக்கரமும் மறுபக்கச் சக்கரமும் படத்தில் இருக்கும் அதே இடைவெளியில், அதே அளவு வித்தியாசத்தில் வரும்வரை தள்ளித் தள்ளி வைத்தேன். சுமார் 20 செ.மீ தூரத்தில் பொருந்தியது. நிஜத்தில் அது பதினாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

அந்தப் படத்தை ஜிம்ப்பில் பழைய படத்தின் மேல் அரை ஒளிபுகலாகப் போட்டேன். கண்ணாடிக் கூட்டின் பின்முனை, கிடைவால் சேரும் இடம், சக்கரங்கள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. இறக்கை நுனியும் வந்து உட்கார்ந்தது. 45 டிகிரி மாதிரியை அதே இடத்தில் வைத்தேன். கண்ணாடிக் கூட்டைப் பொருத்தினால் வால் படத்தை விட்டே வெளியே போனது. வாலைப் பொருத்தினால் மூக்கு நீண்டுகொண்டே போனது. சூப்பர் சேபர் கழிந்தது. அன்று இரவு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி, சேபர். அதுல இருக்குறது யாரு?" என்றார்.

அங்கேதான் சிக்கல். ரகம் தெரிந்தால் ஆண்டு தெரியும் என்று நினைத்திருந்தேன். மிராஜாக இருந்திருந்தால் அறுபதுகளின் தொடக்கத்துக்கு இடமே இல்லை, அம்மா ஜெயித்திருப்பார். சேபரோ இரண்டு காலத்துக்கும் பொருந்துகிறது. ஆஸ்திரேலிய விமானப்படையின் 3, 77 ஆகிய ஸ்குவாட்ரன்கள் 1958 கடைசியிலும் 1959 தொடக்கத்திலும் சேபர்களோடு பட்டர்வொர்த்துக்கு வந்தன. பெரியம்மா கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அந்தத் தளத்தின் முக்கியமான சண்டை விமானமே அதுதான். 1969லிருந்து ஆஸ்திரேலியா தன்னிடமிருந்த சேபர்களை மலேசிய விமானப்படைக்குக் கொடுத்தது. 11ஆவது ஸ்குவாட்ரன் அதே பட்டர்வொர்த்தில் அவற்றைப் பறக்கவிட்டது. 1975ல் எஃப்-5ஈ வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அம்மா கைக்குழந்தையாக இருந்ததும் அந்தக் காலத்தில்தான். போதாக்குறைக்கு, நமக்கு வடக்கே தாய்லாந்து விமானப்படையிலும் அமெரிக்காவில் கட்டிய எஃப்-86 இருந்தது. விருந்தாளியாக வந்து நின்ற விமானமாகவும் இருக்கலாம்.

அந்தக் கடைசிச் சந்தேகத்தை முதலில் தீர்த்தேன். அமெரிக்க எஃப்-86எஃப்பில் அரை அங்குல இயந்திரத் துப்பாக்கி ஆறு. பக்கத்துக்கு மூன்று சின்னத் துளைகள், ஒன்றின் கீழ் ஒன்று. மெல்போர்னில் ஃபிஷர்மென்ஸ் பெண்டில் கட்டிய ஆஸ்திரேலியப் பதிப்பில் ரோல்ஸ் ராய்ஸ் ஏவன் எஞ்சினைப் போட்டார்கள். அந்த எஞ்சினுக்கு அதிகக் காற்று தேவைப்பட்டதால் மூக்கின் வாயை ஆழமாக்கினார்கள். உடம்பின் பெரும்பகுதியைத் திரும்ப வடிவமைத்தார்கள். துப்பாக்கிகளையும் மாற்றி, பக்கத்துக்கு ஒன்றாக 30 மி.மீ ஏடன் பீரங்கி இரண்டு வைத்தார்கள். முதல் விமானம் பறந்தது 1953 ஆகஸ்ட் 3ஆம் தேதி. முன்மாதிரியையும் சேர்த்து மொத்தம் 112 கட்டினார்கள். மூக்கு வெட்டுப்பட்டதால் வாயின் ஆழத்தை என்னால் பார்க்க முடியாது. ஆனால் வெட்டுப்பட்ட ஓரத்துக்குச் சற்று உள்ளே, கண்ணாடிக்குக் கீழே, கறுப்பாக நீள்வட்டமாக ஒரு பொட்டு இருந்தது. அளந்தால் ஒன்றரை மி.மீ. மூன்று துளை இல்லை, ஒன்றுதான்.

அது துளையா, படத்தில் வந்த பூஞ்சணமா? நம் ஊர் ஈரத்தில் பழைய படங்களில் இப்படிப் பொட்டு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 15 வெள்ளிக்கு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கினேன். இருட்டறையில் டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட தாளைத் தொடும்படி படுக்கவைத்து அடித்துப் பார்த்தேன். பூஞ்சணம் மேற்பரப்பில் வளர்வதால் அந்த இடம் பளபளப்பு இழந்து மங்கும், சில நேரம் மேடாகவும் தெரியும். வானத்துப் பகுதியில் அப்படி மூன்று நான்கு இடம் பிடித்தேன். கறுப்புப் பொட்டின் மேல் மேற்பரப்பு சுத்தமாக, சுற்றி இருந்த தாளோடு ஒரே சீராக மின்னியது. அது படத்தோடு பிறந்த கறுப்பு, பீரங்கி வாய்தான். ஏவன் சேபர் உறுதி.

ஆஸ்திரேலியருடையதா, மலேசியருடையதா என்ற கேள்விதான் மிச்சம். இதற்குப் பதில் தாத்தாவின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. இரு படைகளின் சின்னத்திலும் அடிப்படையான வித்தியாசம் உண்டு. ஆஸ்திரேலியச் சின்னம் வட்டம்: நீல வளையம், வெள்ளை, நடுவில் சிவப்புக் கங்காரு. மலேசிய விமானப்படை அந்தக் காலத்தில் போட்டது நீலச் சதுரம், அதற்குள் மஞ்சள் நட்சத்திரம். நிறம் தெரியாத படத்தில் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான். அதனால் நிறத்தை நம்பாமல் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் செய்ததில் தாத்தாவின் தோளுக்கு மேலே, விமான உடம்பில், ஒரு கருஞ்சாம்பல் துண்டு எட்டிப் பார்த்தது. அச்சில் 3 மி.மீ நீளம். 1200 டி.பி.ஐயில் அது சுமார் 140 புள்ளிகள். ஜிம்ப்பில் அந்த இடத்துக்கு மட்டும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினேன். அளவுக்கு மீறி ஏற்றினால் இல்லாத விளிம்புகள் தானாகவே உண்டாகிவிடும். அதனால் பக்கத்தில் இருக்கும் தகட்டுக் கோடு தடிக்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டேன். துண்டின் மேல்விளிம்பு நேராக ஓடி, இடது பக்கம் ஒரு மூலையில் கீழே திரும்பியது.

வட்டத்தைச் சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டம் வரும், மூலை ஒருநாளும் வராது. இருந்தாலும் 3 மி.மீ துண்டை வைத்து அவசரப்படக் கூடாது என்று மாதிரியிலேயே சோதித்தேன். ஒரு வட்டமும் ஒரு சதுரமும் கறுப்புத் தாளில் வெட்டி, அட்டை விமானத்தின் பக்கத்தில் அதே இடத்தில் மாறி மாறி ஒட்டி, அதே கேமரா நிலையில் எடுத்தேன். விமான உடம்பு உருண்டை என்பதால் சதுரத்தின் செங்குத்து விளிம்பு லேசாக வளைந்துதான் தெரிகிறது. நீளவாக்கில் ஓடும் மேல்விளிம்பு மட்டும் நேராக நிற்கிறது. பழைய படத்திலும் அப்படியே: மேல்விளிம்பு நேர், இடது விளிம்பு மெல்லிய வளைவு, நடுவில் மூலை. வட்டத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அப்படி வரவில்லை. அது நிழலோ வேறு தகடோ இல்லை என்பதற்கு இன்னொன்றும் கிடைத்தது. கறுப்புத் துண்டுக்குள், தோள் மறைக்கும் இடத்துக்குச் சற்று மேலே, வெளிர் நிறத்தில் கூராக ஒரு முனை. நட்சத்திரத்தின் ஒரு கதிர்.

மலேசியச் சேபர் என்றால் 1969க்குப் பிறகு. அப்போது பெரியம்மாவுக்கு எட்டு வயது. இடுப்பில் இருப்பது அம்மாதான், எழுபதோ எழுபத்தொன்றோ.

பெரியம்மா வீட்டுக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். சும்மா முடிவைச் சொன்னால் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. சதுரம் ஒட்டிய மாதிரியையும் வட்டம் ஒட்டியதையும் மேசையில் வைத்து, அவரையே போனில் எடுக்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார், திரும்ப வட்டத்தை ஒட்டி எடுத்தார். "மூலை இருக்குதுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்த வருடம் தோட்டத்துப் பள்ளியில் சேராமல் பீடோரில் ஆத்தா வீட்டில் தங்கிப் படித்ததை அவரே சொன்னார். அம்மாவின் பதிலை இத்தனை வருடம் சாக்கு என்றுதான் நினைத்திருந்தாராம். பிறகு கேட்டார்: "அப்ப என்னைத் தூக்கி வச்ச படம் ஒண்ணுகூட இல்லையா?" அவர் வீட்டு அலமாரியில் மைலோ டின் நிறையப் பழைய படங்கள் இருக்கின்றன. எதையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. இப்போது அதையெல்லாம் வாங்கி வந்திருக்கிறேன்.

செலவு: நூல் 6.90, உருப்பெருக்கி 15, பசையும் தாளும் 7.50, நகல் அடித்தது 2. மொத்தம் 31.40 வெள்ளி. அட்டைப் பெட்டி கடையில் சும்மா கொடுத்தார்கள். ஸ்கேனர் இரவல்.

அடுத்த தடவை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். மாதிரியை 1:48ல் வெட்டுவேன். 1:72ல் எல்லாம் சின்னது, போன் கண்ணை 1.7 செ.மீ உயரத்தில் நிறுத்தும்போது ஒரு மி.மீ பிசகினாலும் இறக்கைக் கோடு தடித்துவிடுகிறது. 1:48 என்றால் அது 2.5 செ.மீ, நிம்மதியாக நிறுத்தலாம். பிஸ்கட் பெட்டி அட்டை ஈரத்தில் தொய்கிறது, படம் சட்டம் போடுகிறவர்கள் பின்னால் வைக்கும் கெட்டி அட்டையை வாங்குவேன். இறக்கையைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்தால் இரண்டு முழு விமானம் கட்ட வேண்டியதில்லை. படத்தை ஆல்பத்திலிருந்து பிரிக்கும் முன்பே, பிளாஸ்டிக்கோடு இருந்தாலும், ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வேன். பிரிக்கும்போது கிழிந்தால் கையில் அதுவாவது இருக்கும்.

விமானத்தின் எண்ணை மட்டும் எடுக்க முடியவில்லை. வால் வெளுத்த இடத்தில் தாளிலேயே ஒன்றும் பதியவில்லை, கணினியில் எவ்வளவு இருட்டாக்கினாலும் வெள்ளைத் தாள்தான் வருகிறது. நெகட்டிவ் கிடைத்தால் அங்கே எழுத்து இருக்க வாய்ப்பு உண்டு. அச்சுப் போடும்போது வெளுத்துப்போகும் விவரம் பெரும்பாலும் நெகட்டிவில் அடர்த்தியாக உட்கார்ந்திருக்கும். மலேசிய விமானம் என்பதால் எஃப்.எம் என்று தொடங்கும் எண்ணாக இருக்க வேண்டும். மைலோ டின்னின் அடியில் ஒரு மஞ்சள் உறையில் நெகட்டிவ் துண்டுகள் கிடக்கின்றன. வெள்ளைத் திரையைப் போனில் முழு வெளிச்சத்தில் வைத்து, அதன் மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இதுவரை கல்யாணப் படங்கள்தான் வந்திருக்கின்றன.